72 எம்பி, 2,205 வெள்ளி

கைப்பேசி பில் 2,308 வெள்ளி 88 காசு. பசியாறிவிட்டு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் மின்னஞ்சலில் பார்த்தேன். யாருடைய பில்லோ வழிதவறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்கு எண் என்னுடையதுதான். பக்கத்து மேசைச் சீன நண்பர் எட்டிப் பார்த்து, "மூன்று எட்டு வந்திருக்கிறதே, நாலு நம்பர் லாட்டரி எழுது" என்றார். அவருக்கு என்ன.

வழக்கமாக எங்கள் பில் 103 வெள்ளி 88 காசு. என் லைன் 68, அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த துணை லைன் 30, அதன்மேல் 6 சதவீத சேவை வரி. 2024 மார்ச்சில் மலேசியாவில் பல சேவைகளுக்கு இந்த வரி 8 சதவீதமானபோது தொலைபேசிக்கு ஏறவில்லை. மாதம் ஒரு வெள்ளி 96 காசு மிச்சம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னவன் நான். மீதி 2,205 வெள்ளியும் அம்மாவின் லைனில், நான்கு நாளில், ரோமிங் (வெளி நெட்வொர்க் பயன்பாடு) என்ற ஒரே தலைப்பின்கீழ் ஏறியிருந்தது.

பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து குடும்பமாகக் கிளம்பி, பினாங்கு ஸ்வெட்டன்ஹம் துறையில் உல்லாசக் கப்பல் ஏறி, புக்கெட் போய் வந்தோம். வெள்ளிக்கிழமை ஏறி திங்கட்கிழமை இறங்கினோம். கிளம்பும் முன் என் கைப்பேசிக்குத் தாய்லாந்து ரோமிங் பாஸ் வாங்கினேன். கடலில் இருக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டேன். மனைவியுடையதும் அப்படியே. அம்மாவுடையதை மட்டும் தொடவில்லை. அவர் எங்கே டேட்டா பயன்படுத்தப் போகிறார் என்ற நினைப்புதான். ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் போனபோது அதே கைப்பேசியில் ரோமிங்கை நானேதான் திறந்துவிட்டேன், திரும்பி வந்து மூட மறந்தேன். அது பில் வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. தப்பில் என் பங்கும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் விவகாரம் பலருக்குத் தெரியாது, எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். கரையோரச் சிக்னல் மங்கி நடுக்கடலுக்குப் போனதும் கப்பல் தன் சொந்தக் கைப்பேசி நெட்வொர்க்கைத் திறந்துவிடும். பார்த்தால் வீட்டில் இருப்பதுபோலவே நான்கு கோடு நிற்கும். ஆனால் அங்கிருந்து எல்லாம் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. கைப்பேசி நெட்வொர்க்குகளுக்கு நாட்டு எண் உண்டு. மலேசியாவுக்கு 502, தாய்லாந்துக்கு 520. கப்பலில் இருப்பது 901, எந்த நாட்டுக்கும் சேராதவற்றுக்கான பொது எண். அதனால் தாய்லாந்துக்கு வாங்கிய பாஸ் அங்கே செல்லாது. எங்கள் பில்லில் 10 கேபி டேட்டாவுக்கு 30 காசு போட்டிருந்தார்கள். பார்த்தால் சில்லறைக் காசு. ஆனால் ஒரு எம்பி கிட்டத்தட்ட 31 வெள்ளி ஆகிவிடுகிறது. மொத்தமாகப் போனது 72 எம்பி-க்கும் கொஞ்சம் குறைவு. பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தில் குதிப்பதை அம்மா எடுத்த ஒரு வீடியோவே அவ்வளவு வரும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். இருபது நிமிடம் பாட்டு. பிறகு வந்தவரிடம், "நாங்கள் பயன்படுத்தவே இல்லை" என்றேன். "சிஸ்டத்தில் பயன்பாடு பதிவாகியிருக்கிறது, சார்" என்றார். குரலை உயர்த்தி அதையே திரும்பச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல் தன்னுடையதைத் திரும்பச் சொன்னார். ஒரு புகார் எண் மட்டும் கிடைத்தது. அதை எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை பேரங்காடியில் இருந்த அவர்களுடைய கடைக்கே போனேன். கவுண்டரில் தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பில்லை ஒரு பார்வைதான் பார்த்தார். "அங்கிள், இது கப்பல் சார்ஜ். இந்த மாசம் நீங்க மூணாவது ஆள்." அங்கிள் என்றது பில்லைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வலித்தது. அந்தப் பக்கம் மேலாளர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "பயன்படுத்தலன்னு சொல்லாதீங்க, அது எடுபடாது. ஒவ்வொரு வாட்டியும் எத்தனை மணிக்கு எவ்வளவு போச்சுன்னு முழு விவரம் கேளுங்க. வழக்கமான காச மட்டும் இன்னைக்கே கட்டிடுங்க, ரசீதை வச்சிக்குங்க." 103 வெள்ளி 88 காசை அங்கேயே கட்டினேன். அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

விவரம் வர ஐந்து நாள் ஆனது. பதினொரு பக்கம். அச்செடுத்து சமையலறை மேசையில் பரப்பி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, கேபி, காசு. அம்மாவுக்கு மணி ஞாபகமில்லை, சாப்பாடு ஞாபகம் இருந்தது. "வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தச் சப்பென்ற மீன் சாப்பிட்டமே, அதுக்கப்புறம் நான் ஃபோனைத் தொடவே இல்லடா. ஒன்பது மணிக்குப் பிரஷர் மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டேன்." பில்லில் முதல் வரி அன்று இரவு 9:52. அந்த இரவின் கடைசி வரி விடிகாலை 3:40. அவர் தூங்கிக்கொண்டிருக்க, கைப்பைக்குள் கிடந்த கைப்பேசி அன்றைய படங்களை எல்லாம் இணையத்திலுள்ள மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் இரண்டு செயலி வேறு தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தேநீர் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். "அடுத்த மாசம் என் கூட்டுச் சீட்டுப் பணம் விழும், அத எடுத்துக்க" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு இதை விடக் கூடாது என்று தோன்றியது. அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வெளியீடுகளை வருடக்கணக்காகக் கட்டி வைத்திருப்பவர். என் முதல் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு பக்கம், பாதிக்குமேல் கோபம். சிவப்பு மையால் முக்கால்வாசியை அடித்துவிட்டு, "தம்பி, அவங்க குடுத்த பேப்பர்லயே அவங்கள மறுக்கிற மாதிரி என்ன இருக்கு, அத மட்டும் எழுது" என்றார். "ஒப்பந்தத்தப் படிச்சியா?"

படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள். அன்றிரவு படித்தேன். பொடி எழுத்தில் என் கணக்கின் கடன் வரம்பு 500 வெள்ளி என்று இருந்தது. அதை எட்டினால் லைன் தடுக்கப்படலாம் என்றும் இருந்தது. உடனே அம்மாவின் கைப்பேசியை எடுத்துக் குறுஞ்செய்திகளைத் தேடினேன். வெள்ளிக்கிழமை இரவு 9:50-க்கு ஒன்று, ஆங்கிலத்தில்: கப்பல் நெட்வொர்க்குக்கு வரவேற்பு, கட்டணம் இவ்வளவு. அம்மா படிப்பது தமிழ் மட்டும். படித்திருந்தாலும் அவர் தூங்கி ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த செய்தி புதன்கிழமை மதியம் 2:16-க்கு: வரம்பை எட்டிவிட்டீர்கள். புதன்கிழமை நாங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. அம்மா அப்போது மார்க்கெட்டில் இருந்தார்.

பதினொரு பக்கத்தையும் மறுபடி பரப்பி, காசைக் கூட்டிக்கொண்டே வந்தேன். 500 வெள்ளியைத் தாண்டிய வரி, வெள்ளிக்கிழமை இரவு 11:58. அம்மாவின் தையல் அளவுகோலை வைத்து அந்த வரியின்கீழ் ஒரு கோடு போட்டேன். புதிய கடிதம் அரைப் பக்கம்தான் வந்தது. வரம்பு 500, தாண்டிய நேரம் இது, நீங்கள் எச்சரித்த நேரம் இது, இடையில் நான்கரை நாள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில் மரியாதையாக வந்தது. ரோமிங் கணக்கு வெளி நெட்வொர்க்கிலிருந்து கோப்பாகப் பின்னால்தான் வரும், அதனால் வரம்பை உடனே கவனிக்க முடியாது என்றார்கள். அது உண்மைதான். டாப் என்று ஒரு கோப்பு முறை இருக்கிறது, நாள் கணக்கில் தாமதமாவது சாதாரணம். அதே தொழிலில் மோசடியைப் பிடிக்க, விவரத்தை 4 மணி நேரத்துக்குள் அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், ரோமிங் டேட்டா 50 யூரோவை எட்டினால் தானாக நிற்க வேண்டும் என்றே விதி வைத்தார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. அவர்கள் பதிலின் கடைசியில் ஒப்பந்தத்தின் இன்னொரு விதியையும் காட்டியிருந்தார்கள்: வரம்பைத் தாண்டிய பயன்பாட்டுக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு. அது நான் படித்த வரிக்கு நேர்கீழே இருந்தது. படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன் போல.

இதற்குள் கட்டவேண்டிய தேதி கடந்தது. புகார் நிலுவையில் இருக்கும்போதே இரண்டு லைனிலும் வெளி அழைப்பைத் தடுத்துவிட்டார்கள். ஒரே கணக்கு என்பதால் என்னுடையதும் போயிற்று. வங்கிப் பரிவர்த்தனையை உறுதிப்படுத்தும் டேக் எண் மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் கார் கடன். விண்ணப்பம் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தொலைபேசி பாக்கி சி.டி.ஓ.எஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் ஏறினால் வங்கி கேள்வி கேட்கும். கட்டித் தொலைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

கடைசியில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் இணையப் புகார்ப் பகுதியில் பதிந்தேன். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையம் அது, தொலைபேசி நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். முதல் நாள் சண்டையில் கிடைத்த அந்தப் புகார் எண்ணைப் போட்டேன். கடிதம், அவர்கள் பதில், 103 வெள்ளி 88 காசு ரசீது, இரண்டு குறுஞ்செய்தியின் படம், கோடு போட்ட பக்கம், எல்லாவற்றையும் இணைத்தேன்.

ஆறாவது நாள் நிறுவனத்திலிருந்து அழைப்பு. இந்த முறை பாட்டு இல்லை. வேறு பிரிவாம். பேசிய பெண்மணி கோடு போட்ட பக்கத்தைக் கையில் வைத்திருந்தார் என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது: "11:58 வரி வரைக்கும் நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?" ரோமிங்கைத் திறந்து வைத்தது நான்தான், ஆகவே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அடுத்த நாள் மின்னஞ்சல் வந்தது. தவறு நிறுவனத்துடையது இல்லை, நல்லெண்ண அடிப்படையில் 1,705 வெள்ளி கழிக்கப்படுகிறது, இது ஒருமுறை மட்டும். 500 கட்டினேன். லைன் அன்று மாலையே திறந்தது. கார் கடனும் தப்பியது. ஆசிரியர், மீதி 500-க்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஒரு நடை போகலாம் என்றார். எனக்குத் தெம்பில்லை.

அம்மாவின் கைப்பேசியில் ரோமிங்கை மூடினேன். படங்கள் வைஃபையில் மட்டும் ஏறும்படி மாற்றினேன். அவர் அதோடு விடவில்லை. போன வாரம் தைப்பூசத்துக்குப் பூ வாங்க லிட்டில் இந்தியா போவதற்காக, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினார். அரை மணி நேரம் அழைத்துப் பார்த்தேன், கைப்பேசி அணைந்திருந்தது. பதறிப்போனேன். அக்கரையில் இறங்கி அவரே அழைத்தார்.

"ஏன்மா அணைச்சீங்க?"

"இதுவும் கப்பல்தானேடா."