லியாமா, டேமனா? என் ஓட்டு ஜார்விஸுக்கு

நேத்து நைட்டு ஃப்ரெண்ட்ஸோட மறுபடியும் அதே சண்டை, 90கள்ல கலக்குன ரெண்டு இங்கிலாந்து ராக் பேண்டுல எது பெஸ்ட்டு, லியாம் பாடுற ஓயாசிஸா, டேமன் பாடுற பிளரா. 1995 ஆகஸ்ட் 14 ரெண்டு பேரும் ஒரே நாள்ல சிங்கிள் (தனிப் பாட்டு) விட்டாங்க, பிளர் 2,74,000 காப்பி வித்துச்சு, ஓயாசிஸ் 2,16,000, அதோட டேமன் ஜெயிச்சுட்டாருன்னு ஒருத்தன் விடாம சொல்றான். அந்த வாரம் ஜெயிச்சாரு, சரி. அடுத்த வருஷம் இங்கிலாந்துல நெப்வொர்த்ல நடந்த கச்சேரிக்கு ரெண்டு நாள்ல ரெண்டரை லட்சம் பேர் வந்தது யாருக்கு? ஓயாசிஸுக்குத்தான்.

லியாம் பாடுறத பாத்திருக்கீங்களா, கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி, மைக் வாய்க்கு மேல இருக்கும், கழுத்த நீட்டி தாடைய தூக்கித்தான் பாடணும், ஆடவே மாட்டாரு ஆனா கண்ண எடுக்க முடியாது. பாட்டு பெரும்பாலும் அண்ணன் நோயல் எழுதுனதுதான், ஆனா அந்தக் குரல் இல்லாம அது நிக்காது.

ஆனா என்னக் கேட்டா அந்தக் காலத்துல பெஸ்ட் ஃப்ரன்ட்மேன் (முன்னாடி நின்னு பாடுறவரு) பல்ப்ங்கிற பேண்டோட ஜார்விஸ் காக்கர்தாங்க. 1978ல ஷெஃபீல்டுல ஸ்கூல் பையனா இருக்கும்போது ஆரம்பிச்ச பேண்ட், பதினேழு வருஷம் கழிச்சு 95 கிளாஸ்டன்பரி மியூசிக் ஃபெஸ்டிவல்ல, மெயினா வாசிக்க வேண்டிய ஸ்டோன் ரோஸஸ் பேண்டோட கிட்டாரிஸ்டுக்கு காலர்போன் உடைஞ்சதால கடைசி நேரத்துல இவங்களுக்கு கெடச்ச ஹெட்லைன் சான்ஸ். கடைசியா அவங்களோட காமன் பீப்புள் பாட்டு, மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏறிக்கிட்டே போகும், அந்த ஒல்லி மனுஷன் விரல நீட்டி இடுப்ப வளைச்சு ஆட, மொத்தக் கூட்டமும் கூடவே பாடுது. எப்பப் பாத்தாலும் புல்லரிக்குது எனக்கு.

நீங்க யார் பக்கம்? ஸ்வேட், ரேடியோஹெட் பேண்டுகளோட ரசிகர்களும் வாங்க.