ஆக்ஸ்போர்டில் ஒரு பெரிய பரண்

திங்கட்கிழமை காலையில் போனது என் தவறுதான். லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்போர்டில் இறங்கி, பார்க்ஸ் சாலை வரை நடந்து சேர்ந்த பிறகுதான், பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தைத் திங்கட்கிழமைகளில் மதியம் 12 மணிக்குத் திறப்பார்கள் என்று தெரிந்தது. கூட வந்த அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும். நல்லவேளையாக, அதற்கு வழியே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஊடாகத்தான். அது 10 மணிக்கே திறந்துவிட்டது. டைனோசர் எலும்புக்கூடுகளோடும் டோடோ பறவையின் மிச்சத்தோடும் இரண்டு மணி நேரம் ஓடியது. இரண்டு இடங்களும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானவை. அனுமதி இலவசம்.

கண்ணாடிக் கூரையின் வெளிச்சத்திலிருந்து பின்பக்கக் கதவைத் தாண்டினால் சட்டென்று இருட்டு. துணியும் இறகும் சாயம் வெளுக்காமலிருக்க விளக்குகளை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். கண் பழகியதும் தெரிந்தது, நெருக்கியடித்து நிற்கும் கண்ணாடிப் பெட்டிகளின் காடு. தலைக்கு மேலே படகுகள் தொங்குகின்றன. கோடியில் 11 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஒரு மரத்தூண். கனடாவின் மேற்குக் கடலோரத் தீவுகளில் வாழும் ஹைடா மக்களின் வீடொன்றின் முன்னால் நின்றது, 1901இல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

“மாமா, இது நம் வீட்டுப் பரண் மாதிரியே இருக்கிறது” என்றாள் அவள்.

சரியான பேச்சு. ஆனால் பரணில் இல்லாத ஓர் ஒழுங்கு இதில் உண்டு. மற்ற இடங்களில் ஆப்பிரிக்காவுக்கு ஓர் அறை, சீனாவுக்கு ஓர் அறை என்று பிரித்திருப்பார்கள். இங்கே பொருளின் வேலைதான் கணக்கு. விளக்குகளெல்லாம் ஒரு பக்கம், பூட்டும் சாவியும் ஒரு பக்கம், கூடைகள், சீப்புகள், தாயத்துகள் என்று வரிசை போகிறது. எந்த நாட்டுப் பூட்டும் எந்த நாட்டுப் பூட்டோடும் தோளுரசி நிற்கலாம். பொருள்களின் விவரச் சீட்டுகள் பலவும் கையால் எழுதியவை. கடுகு போன்ற எழுத்து, கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றால்தான் படிக்க முடியும். சில பொருள்களின் மேலேயே மையால் எழுதிவிட்டார்கள். பெட்டிகளுக்குக் கீழே உள்ள இழுப்பறைகளை நாமே திறந்து பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அக்கா மகளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்படி அடுக்கியதற்குப் பின்னால் ஒரு ராணுவக்காரர் இருக்கிறார். பிட் ரிவர்ஸ், ஆங்கிலேயப் படையில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். ஒரு துப்பாக்கி அடுத்த துப்பாக்கியாக மாறும்போது மாற்றம் துளித்துளியாகத்தான் நடக்கிறது என்று கவனித்தவருக்கு, மனிதன் செய்த எல்லாப் பொருளும் அப்படித்தானே என்று தோன்றியது. சேர்க்கத் தொடங்கினார். அபூர்வமானவற்றைவிடச் சாதாரணப் பொருள்களையே தேர்ந்தெடுத்ததாக 1874இல் அவரே எழுதியிருக்கிறார். 1884இல் 26,000க்கும் மேற்பட்ட பொருள்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், மானுடவியல் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்று புகைப்படங்களையும் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அவருடைய சாதாரணப் பொருள் ஆசை எனக்குப் பிடிக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கொள்கை பிடிக்கவில்லை. எளியது கீழே, சிக்கலானது மேலே என்று பொருள்களை ஏணியாக அடுக்கினார். மனிதர்களையும் அதே ஏணியில் ஏற்றினார்கள். உச்சிப் படியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த ஏணியை உடைக்கும் சாட்சி, தீ மூட்டும் கருவிகளின் நடுவே இருக்கிறது. கைக்கடக்கமான ஒரு குழல், ஒரு முனை அடைபட்டது. அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனிக் குழியில் கொஞ்சம் பஞ்சை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தால், உள்ளிருக்கும் காற்று ஒரே நொடியில் நசுங்கிச் சூடேறி, பஞ்சு கனன்றுவிடும். டீசல் இன்ஜின் எரிபொருளைப் பற்றவைப்பதும் இப்படித்தான். பர்மாவிலும் மலாயாவிலும் ஜாவாவிலும் கிராமத்து மக்கள் இதை மடியில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். இங்கிலாந்தில் இதே கருவிக்கு 1807இல் காப்புரிமை வாங்கினார்கள். தனித்தனியே பிறந்ததா, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததா என்று, இந்த அருங்காட்சியகத்தை நீண்ட காலம் நடத்திய ஹென்றி பால்ஃபர் மண்டையைக் குடைந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

ஒரு பெட்டியின் முன் மட்டும் கூட்டம் தயங்கி நின்றது. அமேசான் காட்டு ஷுவார் மக்கள் சுருக்கி வைத்த மனிதத் தலைகள் இருந்த இடம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவரும் பெட்டி அதுவாம். 2020இல் அவற்றையும் சேர்த்து 120 மனித உடல் எச்சங்களைப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தலைகள் இருந்திருந்தால் நானும் எட்டிப் பார்த்திருப்பேன், பொய் சொல்வானேன்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது சீப்புகளின் முன்னால்தான். மூங்கில், எலும்பு, கொம்பு, மரம் என்று எத்தனை கைகள் எத்தனை தலைகளுக்காகச் சீவியெடுத்தவை! எங்கள் ஆச்சியின் மர ஈருளி நினைவுக்கு வந்தது. திண்ணையில் பேத்திகளை வரிசையாக உட்காரவைத்து இழுப்பார். அலறல் தெருமுனை வரை கேட்கும். அந்த ஈருளி எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் நினைவில்லை. பித்தளைச் செம்புகளும் மரக்காலும் போனது நன்றாக நினைவிருக்கிறது. தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் வாங்கினோம். வாளியில் ஒன்று அந்தத் தீபாவளிக்கே விரிசல் விட்டது.

5 மணிக்கு மூடும் மணி அடிக்க வெளியே வந்தோம். ஊரில் இரவு ஒன்பதரை இருக்கும். அக்காவைக் கூப்பிட்டு, ஆச்சியின் பாக்குவெட்டியாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“அது எங்கே போகும்? கேஸ் சிலிண்டர் மூடியை நெம்புவதற்கு அதைத்தானே வைத்திருக்கிறேன்” என்றாள்.