எர்த்ஸீக்குத் திரும்பிப் போனேன்

13 வயதில் படித்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலை நேற்று ராத்திரி மறுபடி எடுத்தேன். உர்சுலா லெ குவின் எழுதி 1968இல் வந்தது.

அப்போது எனக்கு அது டிராகன் கதை. இந்த முறை மனசு நின்றது வேறு இடத்தில். வீறாப்பில் தானே கிளப்பிவிட்ட நிழலுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த இளம் மந்திரவாதி கெட், தன் குரு ஓஜியன் சொன்னதைக் கேட்டு, திரும்பி அதைத் துரத்தக் கிளம்புகிறானே, அங்கே. அப்புறம் வெட்ச். அந்தக் கடைசிக் கடல் பயணத்துக்கு நானும் வருவேன் என்று படகேறுகிற நண்பன்.

கெட் செம்பழுப்பு நிறம், வெட்ச் நல்ல கறுப்பு. புத்தகத்திலேயே தெளிவாக இருக்கிறது. சின்ன வயதில் அதைக் கவனிக்காமல் இருவரையும் வெள்ளைக்காரப் பையன்களாகவே நினைத்திருந்தேன். நேற்று அந்த வரிகளைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்கு ராத்திரி இரண்டாம் புத்தகம்.