பலகைத் தரையும் அடைபட்ட காற்றுச் செங்கல்லும்

கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1890களில் கட்டப்பட்ட விக்டோரியா காலத்து வரிசை வீடுகளுள் ஒன்று. கம்பளத்திற்கு அடியில் பழைய பைன் மரப் பலகைகள் அப்படியே இருக்கின்றன என்று தெரிந்ததும், அவற்றைத் தேய்த்து எண்ணெய் பூசிவிட்டால் இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மார்ச்சில் தொடங்கிய வேலை ஜூலையில்தான் முடிந்தது. அதில் தேய்ப்பதற்கு ஆனவை நான்கே நாள்கள்.

காவித் தரையில் வளர்ந்த எனக்கு இந்தத் தரையின் அமைப்பே புதிதாக இருந்தது. பலகைகள் மண்ணைத் தொடுவதில்லை. குட்டையான செங்கல் சுவர்களின் மேல் நான்கு அங்குல உயரமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட விட்டங்கள் ஓடுகின்றன. அவற்றின் குறுக்கே பலகைகள் அறையப்பட்டிருக்கின்றன. அடியில் முழங்கால் உயரத்திற்கு வெற்றிடம். முன்சுவரிலும் பின்சுவரிலும் பதித்திருக்கும் துளையுள்ள காற்றுச் செங்கற்களின் வழியாகக் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறுவதால், மண்ணிலிருந்து எழும் ஈரம் மரத்தில் தங்குவதில்லை.

பின்னறையின் ஒரு மூலையில் கால் வைத்தால் பலகை மெத்தென்று அமுங்கியது. அங்கிருந்தே பிரிக்கத் தொடங்கினேன். கடப்பாரையை நுழைத்து நெம்பியதில் முதல் இரண்டு பலகைகளும் ஆணியடித்த இடத்தில் பிளந்துவிட்டன. அக்காலத்து ஆணிகள் இரும்புத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த சதுரமுனை ஆணிகள். மரத்தின் இழைகள் அவற்றை இறுகக் கவ்விக்கொள்கின்றன. ஆணித்தலையின் மேல் ஆணி இறக்கும் இரும்பு முளையை வைத்துக் கீழ்நோக்கி அடித்து இறக்கிவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு விட்டத்தின் அருகிலும் அகன்ற உளியால் சிறிது சிறிதாகத் தூக்கினால் பலகை முழுதாக வருகிறது என்பதை அடுத்த பலகையில் கற்றேன். எடுத்த ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் சுண்ணக்கட்டியால் எண் இட்டேன்.

உள்ளே கண்ட காட்சி தேய்ப்பதைப் பற்றிய நினைப்பையே மறக்கடித்தது. முன்பு குடியிருந்தவர்களில் யாரோ பின்முற்றத்திற்குக் கான்கிரீட் போட்டபோது அதன் மட்டத்தை உயர்த்தி, காற்றுச் செங்கற்களை முழுவதுமாக மூடியிருக்கிறார்கள். விட்டங்களின் பின்முனைகளில் ஈரமானி 27 சதவீதம் காட்டியது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். இரண்டு விட்டங்களின் முனையில் திருப்புளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. செங்கல்லின் மேலும் இழையோடிப் பரவும் உலர் அழுகலாக இருக்குமோ என்றுதான் பயந்தேன். நல்லவேளையாக ஈரம் பட்ட இடத்தோடு நின்றுவிடும் சாதாரண அழுகல்தான். பலகை ஓரங்களில் வண்டு துளைத்த சிறு துளைகளும் இருந்தன. ஆனால் அவை வெளிமரத்தோடு நின்றிருந்தன. புதிய தூள் எதுவும் உதிரவில்லை. வைரம் பாய்ந்த பகுதியை வண்டு தொடவே இல்லை.

சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்திற்குக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, தரையைத் தாழ்த்திச் சரளைக்கல் நிரப்பி, புதிய காற்றுச் செங்கற்களைப் பதித்தோம். பிறகு ஆறு வாரம் தரையைத் திறந்தே வைத்திருந்தேன். வீட்டில் உள்ளவர்கள் இரண்டு தளர்ந்த பலகைகளின் மேல் ஆற்றுப்பாலம் கடப்பதுபோல் நடந்து சமையலறைக்குப் போனார்கள். ஈரமானி 16 சதவீதத்திற்கு இறங்கியது. அழுகிய முனைகளை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெறிந்துவிட்டு, பூஞ்சைக்காப்பு ஏற்றிய புதிய கட்டைகளைப் பக்கவாட்டில் வைத்துப் போல்ட்டால் முடுக்கினேன். புதிய முனைகள் செங்கல்லைத் தொடாதபடி ஈரம் புகாத தாளைச் சுற்றினேன்.

மாற்ற வேண்டியவை ஐந்து பலகைகள். கடையில் கிடைத்த புதிய பலகைகள் 18 அல்லது 20 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை; பழையவையோ 22. மேலும் புதிய மரத்தின் வளர்ச்சி வளையங்கள் அகன்றிருப்பதால் என்னதான் சாயம் ஏற்றினாலும் அது தனித்துத் தெரியும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் மரங்களை விற்கும் கிடங்கில் அதே ஆறரை அங்குல அகலத்தில் தேடி எடுத்தேன். அவற்றைச் சோபாவின் அடியில் வரும்படி பதித்துவிட்டு, அங்கிருந்த மூலப் பலகைகளைக் கண்ணில் படும் வாசற்பக்கத்திற்கு மாற்றினேன். சிறிய ஏமாற்றுத்தான்.

அறையின் ஓரங்களில் கருஞ்சாயம் பூசியிருந்தது. நடுவில் மட்டும் கம்பளம் விரிப்பது அக்காலத்து வழக்கம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சோதனை செய்து, அந்தப் பகுதியை இயந்திரத்தால் தேய்க்காமல் கரைப்பான் தடவிச் சுரண்டினேன். ஆணித்தலைகள் அனைத்தையும் மூன்று மில்லிமீட்டர் ஆழத்திற்கு இறக்கிய பிறகே, வாடகைக்கு எடுத்த உருளைத் தேய்ப்பானை ஓட்டினேன். முதலில் 24 எண் உப்புத்தாளைக் கொண்டு மூலைவாட்டில், பிறகு 40, 80, 120 என்று மர இழையின் போக்கில். உருளை சுழலும்போது அதை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது என்று படித்திருந்தேன். தொலைபேசி ஒலித்ததும் நிறுத்தினேன். ஜன்னலோரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் இன்றும் இருக்கிறது.

பலகைகளுக்கிடையே எட்டு மில்லிமீட்டர் வரை இடைவெளிகள் இருந்தன. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது பலகை உலர்ந்து சுருங்கிக் கோடையில் விரிவதால் மரத்தூள் கூழ் அங்கே நிற்காது. மெல்லிய மரச்சீவல்களை ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவிச் செருகினேன். இறுதியில் மெழுகு கலந்த எண்ணெயை இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூசினேன். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால் வெளியே விரித்து உலர்த்தினேன்.

ஊரிலிருந்து காணொளி அழைப்பில் பார்த்த அம்மா, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டார். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும் என்றேன். வாசலருகே நான்காவது பலகை இன்னும் கிறீச்சிடுகிறது. அதன் அடியில் தண்ணீர்க் குழாய் ஓடுவதால், திருகாணி இறக்க வேண்டிய இடத்தைக் குழாய்க்கு நான்கு அங்குலம் தள்ளிப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.