20 கி.மீ. உயரத்துக் காற்றை அளப்பது: தொல்லை குழாயிலேயே தொடங்குகிறது

ஓசோன், சிரஸ் மேகம் (உயரத்தில் மிதக்கும் பனிப்படிக மேகம்), துருவ மேகம் என்று எதைப் பற்றிய கட்டுரையை எடுத்தாலும் கண்ணில் படுவது வரைபடம்தான். அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு காற்றிலிருந்து வந்தது, அந்தக் காற்று கருவிக்குள் போவதற்கு முன் என்ன பாடு பட்டது என்று பலரும் கேட்பதில்லை. டேட்டாவை இறக்கிக் கையில் வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நாசாவின் ஈஆர்-2 விமானம் ஏறத்தாழ 20 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கும். உள்ளே இருப்பது அழுத்த உடை அணிந்த ஒரே விமானி. கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருகிப் பார்க்க ஆள் கிடையாது. வெளியே காற்றழுத்தம் 55 ஹெக்டோபாஸ்கல்தான். தரைமட்டத்தோடு ஒப்பிட்டால் பதினெட்டில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் வரும் காற்றை, அதைக் கருவிக்குக் கொண்டுபோகும் குழாய்க்குள் நிறுத்தினால் அது 20 கெல்வின் சூடேறிவிடும். வெளியே 200 கெல்வினில் இருந்த பனித்துகள் உள்ளே வந்ததும் ஆவியாகத் தொடங்கும். ஆகவே மேகத்துக்குள் பறக்கும்போது கருவி காட்டுவது வெறும் நீராவியா, ஆவியான பனியும் சேர்ந்ததா என்பதைக் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே முடிவு செய்கிறது. முன்பக்கம் பார்த்தால் இரண்டும் வரும். பின்பக்கம் பார்த்தால் பெரும்பாலும் வாயு மட்டும்.

எல்லாவற்றிலும் அடம்பிடிப்பது நீராவிதான். ஸ்ட்ராட்டோஸ்பியரின் (வானிலை நிகழும் அடுக்குக்கு மேலே உள்ள காற்றடுக்கு) அடிப்பகுதியில் அது 4 முதல் 5 பிபிஎம், அதாவது பத்து லட்சம் மூலக்கூறுகளில் நாலைந்து. ஓடுதளத்தில், வெப்பமான ஊராக இருந்தால், 20,000 பிபிஎம்முக்கும் மேல். ஏறும் வழியில் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்ட ஈரம், வறண்ட காற்றுக்குப் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். புறப்படும் வரை குழாயில் உலர் நைட்ரஜனை ஓட விடுவது, சுவரைச் சூடாக வைப்பது, மேலே போனபின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது என்று வைத்தியங்கள் உண்டு. ஓட்டத்தை இரட்டிப்பாக்கியதும் அளவு குறைந்தால், சுவரிலிருந்து தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். ஏறும்போது எடுத்ததையும் இறங்கும்போது எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தாலும் தெரிந்துவிடும். 2007இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் உள்ள ஐடா என்ற மேக ஆய்வு அறையில் பல நீராவிக் கருவிகளை ஒரே காற்றில் வைத்துப் பார்த்தபோது, முக்கியக் கருவிகள் ஏறக்குறைய 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போயின. வானத்தில் அவற்றுக்குள் இருந்த வேறுபாடு அதைவிடப் பெரிது. எனவே ஆய்வகச் சான்றிதழை மட்டும் நம்பி 5 பிபிஎம்மில் வாதாடாதீர்கள்.

இதோடு வெப்பநிலைப் பிழையும் சேரும். 200 கெல்வினில் ஒரு கெல்வின் தவறினால், பனியை ஒட்டிய ஒப்பு ஈரப்பதம் 15 சதவீதம் தவறும். ‘மிகைச் செறிவு’ (ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டுவது) என்று ஆச்சரியப்படுவதற்கு முன் வெப்பமானியைச் சந்தேகப்படுவது நல்லது.

குழாய் செய்யும் கோளாறையே கருவியாக மாற்றிய அழகான உதாரணமும் உண்டு. நைட்ரிக் அமிலம் முதலிய நைட்ரஜன் சேர்மங்களை மொத்தமாக அளக்க, 300 டிகிரி செல்சியஸில் வைத்த தங்கக் குழாய் வழியாகக் கார்பன் மோனாக்சைடு கலந்து காற்றை விடுவார்கள். எல்லாம் நைட்ரிக் ஆக்சைடாகும். அதில் ஓசோனைக் கலந்தால் ஒளி வரும். அந்த ஒளியை எண்ணினால் அளவு தெரியும். இப்படி ஒரு வாயை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் வைத்தார்கள். முன்வாய் காற்றை விமான வேகத்தைவிட மெதுவாக உறிஞ்சுவதால், வளைந்து விலக முடியாத கனத்த துகள்கள் பங்குக்கு மீறி உள்ளே வந்து விழும். 1999-2000 குளிர்காலத்தில் ஸ்வீடனின் கிரூனாவிலிருந்து பறந்த ஈஆர்-2 இந்த முன்வாயில் தனித்தனிக் கூர்முனைகளைப் பதிவு செய்தது. ஒவ்வொரு முனையும் 10 முதல் 20 மைக்ரான் அளவுள்ள ஒரு நைட்ரிக் அமிலத் துகள். எண்ணிக்கையில் மிகச் சொற்பம். ஆனால் கீழே விழும்போது நைட்ரஜனையும் கூடவே கொண்டுபோய்விடும். ஓசோனை அழிக்கும் குளோரினைக் கட்டிப்போட நைட்ரஜன் இல்லாமல் அழிவு நீள்வது இதனால்தான்.

சிரஸ் மேகத் துகள்களை எண்ணும் கருவிகளில் வேறு வில்லங்கம். கருவியின் கை நுனியில் மோதும் பெரிய படிகம் நொறுங்கி, பல குட்டித் துண்டுகளாக லேசர் கற்றைக்குள் பாயும். பழைய தரவுகளில் சிறு படிகங்கள் ஏராளமாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்தச் சில்லுகள்தான். சில்லுகள் ஒன்றையொன்று ஒட்டி வரும்: 1 செ.மீ. இடைவெளி என்றால் 50 மைக்ரோவினாடி. நிஜப் படிகங்கள் சாதாரணமாக மில்லிவினாடிக் கணக்கில் தள்ளி வரும். அந்த இடைவெளிகளை ஹிஸ்டோகிராமாகப் போட்டால் இரண்டு மேடுகள் தெரியும். குறுகிய இடைவெளியில் வந்தவற்றை நீக்கலாம். அடர்ந்த மேகத்தில் இரண்டு மேடுகளும் கலந்துவிடுவதால் மென்பொருளை மட்டும் நம்ப முடியாது. நுனியின் வடிவத்தையே மாற்றிய கருவியில் எடுத்த தரவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு வித்தியாசம். மேகத்துளிகளை எண்ணும் ஒரு விமானக் கருவி வினாடிக்குப் பார்ப்பது சுமார் 60 கன சென்டிமீட்டர் காற்று. 2006 ஏப்ரல் 28 அன்று ஏவிய கிளவுட்சாட் செயற்கைக்கோளின் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார், ஒரே அளவீட்டில் ஒரு கன கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாகப் பார்த்தது. ரேடார் எதிரொலி துகள் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும்: 100 மைக்ரான் படிகம் ஒன்று, 10 மைக்ரான் படிகங்கள் பத்து லட்சத்துக்குச் சமம். அதனால் மெல்லிய சிரஸ் ரேடாருக்குத் தெரியாது. அதே ராக்கெட்டில் போன கலிப்சோ செயற்கைக்கோளின் லேசருக்குத் தெரிந்தது. ஆனால் ஒளியியல் தடிமன் (மேகம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 3ஐத் தாண்டினால் அதன் பார்வை போய்விட்டது. 2011 ஏப்ரலில் பேட்டரி கோளாறுக்குப் பின் கிளவுட்சாட் பகலில் மட்டுமே வேலை செய்தது. நீண்டகாலச் சராசரி போடும் பலர் இதைக் கவனிக்காமல் பகலிரவு மாற்றத்தைப் பருவநிலை மாற்றமாக எழுதிவிடுகிறார்கள்.

வேதியியலுக்கு, அதாவது வாயுக்களின் அளவுக்கு, ஆரா செயற்கைக்கோளில் உள்ள எம்எல்எஸ் (மைக்ரோவேவ் லிம்ப் சவுண்டர்) கருவி. 2004இல் ஏவியது. பூமியின் விளிம்பை மேலும் கீழுமாக வருடி, ஒரு நாளில் சுமார் 3,500 செங்குத்து வெட்டுகளைத் தரும். ஒவ்வொன்றின் தெளிவும் ஏறத்தாழ 3 கி.மீ. விமானம் கண்ட 200 மீட்டர் தடிமனுள்ள ஓசோன் ஏடு அதில் இருக்கவே இருக்காது. ஆகையால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. விமான வெட்டை எம்எல்எஸ்ஸின் அழுத்த மட்டங்களுக்குக் கொண்டுவந்து, விமானம் எட்டாத உயரத்தை முன்மதிப்பால் (கணக்கீடு தொடங்க முன்கூட்டியே வைத்த ஊக அளவு) நிரப்பி, அந்த முன்மதிப்பைக் கழித்து, சராசரிக் கெர்னலால் (கருவி எந்த உயரத்தை எவ்வளவு கலந்து பார்க்கிறது என்று சொல்லும் அட்டவணை) பெருக்கி, மறுபடி முன்மதிப்பைக் கூட்ட வேண்டும். நீராவிக்கு இதையெல்லாம் மடக்கையில் செய்ய வேண்டும். மறந்தால் வறண்ட பகுதியில் விடை கோணலாகும். தூரத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்து ஜோடி சேர்ப்பது துருவச் சுழலின் (குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி வீசும் காற்று வளையம்) விளிம்பில் எடுபடாது. 100 கி.மீ. தள்ளி இருப்பது முற்றிலும் வேறு காற்றாக இருக்கலாம்.

வடிகட்டும் விதிகள் எளியவை. எம்எல்எஸ் கோப்பில் அளவீட்டோடு வரும் ஸ்டேட்டஸ் எண் இரட்டைப்படையாக, துல்லிய எண் நேர்மதிப்பாக இருக்க வேண்டும். தர வரம்பு அந்தந்தப் பதிப்பின் ஆவணத்தில் இருக்கும். எதிர்மறை அளவுகளை மட்டும் தூக்கி எறியாதீர்கள். இரைச்சலில் பாதி கீழேதான் போகும்; அதை வெட்டினால் சராசரி பொய்யாக ஏறிவிடும்.

இரைச்சல் போக, கருவிக்குச் சாய்வும் (எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுவது) உண்டு. ஓசோன் அழிவில் பங்குபெறும் குளோரின் மோனாக்சைடில் இது கண்கூடு. 1987இல் சிலியின் புன்டா அரினாஸிலிருந்து அன்டார்டிகா நோக்கிப் பறந்த ஈஆர்-2, நைட்ரிக் ஆக்சைடைச் செலுத்தி இந்த மூலக்கூறைக் குளோரின் அணுவாக்கி, 118.9 நானோமீட்டர் ஒளியில் மின்ன வைத்து எண்ணியது. ஓசோன் சரிந்த இடத்திலெல்லாம் இது ஏறியிருந்தது. விமானத்தில் நைட்ரிக் ஆக்சைடை நிறுத்தினால் பின்னணி தெரிந்துவிடும். செயற்கைக்கோளில் அந்த வசதி இல்லை. அதனால் இரவில் இந்த வாயு ஏறக்குறைய மறைந்துவிடும் கீழ் ஸ்ட்ராட்டோஸ்பியரில், பகலில் எடுத்த அளவிலிருந்து இரவில் எடுத்த அளவைக் கழித்துக் கருவியின் சாய்வை நீக்குவார்கள். கோடையில் துருவத்தில் இரவே இல்லாதபோது இந்தக் கழித்தல் செல்லாது. அங்கே பதிப்பு ஆவணம் தரும் சாய்வுத் திருத்தத்தைத்தான் எடுக்க வேண்டும்.