பி.எட். சிறப்புக் கல்வி: அந்த இரண்டு ஆண்டுகளில் என்னதான் படித்தோம்?

சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவள் என்று சொன்னதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, ‘சைகை மொழி தெரியுமா?’ என்பதுதான், தெரியாது என்றால் அடுத்த கேள்வி பிரெய்லைப் பற்றியதாக இருக்கும். இரண்டையும் முழுமையாகக் கற்றவள் அல்லள் நான். இந்தப் படிப்பில் சேரும்போதே செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று ஏதேனும் ஒன்றைச் சிறப்புப் பிரிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. நான் எடுத்தது அறிவுசார் குறைபாடு. மற்றக் குறைபாடுகளைப் பற்றி எல்லோருக்கும் பொதுவான அறிமுகத் தாள்கள் உண்டு. காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கும் சில நாட்கள் அனுப்புவார்கள். ஆனால் அது அறிமுகம் என்ற அளவோடு நின்றுவிடும்.

இந்தப் படிப்புக்கான பாடத்திட்டத்தை வகுப்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், எங்கள் பேச்சில் ஆர்.சி.ஐ. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் யாரும் சிறப்பாசிரியராகப் பணிபுரிய முடியாது. 2015ஆம் கல்வியாண்டில் இப்படிப்பு இரண்டு ஆண்டுகளாகவும் நான்கு பருவங்களாகவும் விரிந்தது. மனித வளர்ச்சி, தற்கால இந்தியாவும் கல்வியும், கற்றலும் மதிப்பீடும், பள்ளிப் பாடங்களைக் கற்பிக்கும் முறை ஆகியவை எந்த பி.எட்.டிலும் இருப்பவைதாம், அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறப்புப் பிரிவுக்கே உரிய ஐந்து தாள்களில்தான் படிப்பின் உயிர் இருக்கிறது: தேவைகளைக் கண்டறிந்து மதிப்பிடுதல், பாடத்திட்டத்தை வகுத்துத் தகவமைத்தல், கற்பிக்கும் உத்திகள், தொழில்நுட்பம், குடும்பமும் உளச்சமூகச் சிக்கல்களும்.

இவற்றுள்ளும் முதல் தாளின் மதிப்பு வகுப்பறைக்குப் போன பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. ஒரு குழந்தையின் கோப்பில் ‘நுண்ணறிவு ஈவு 48, மிதமான அறிவுசார் குறைபாடு’ என்று எழுதியிருந்தால், அது சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் பயன்படலாம். திங்கட்கிழமை காலையில் அந்தக் குழந்தைக்கு எதைக் கற்பிப்பது என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்பவை வேறு வகைக் கருவிகள். அவற்றுள் ஒன்று நம் சென்னையிலேயே சிறப்புக் கல்வி வல்லுநர்களான ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது. ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற அதன் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, எம்.டி.பி.எஸ். என்றால் போதும். அதில் 18 களங்கள், களத்துக்கு 20 செயல்கள், ஆக மொத்தம் 360 செயல்கள். உடல் அசைவு, உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்வது, எண், நேரம், பணம் என்று எளியதிலிருந்து கடினமானதை நோக்கி அவை வரிசையாகச் செல்லும். குழந்தைக்கு எது வராது என்று பட்டியலிடாமல், எது வரை வருகிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த படியைக் காட்டித் தருவதுதான் அதன் நோக்கம்.

அறிவுசார் குறைபாடுடையோருக்காகச் செகந்திராபாத்தில் இயங்கும் தேசிய நிறுவனம் வெளியிட்ட எஃப்.ஏ.சி.பி. என்னும் மற்றொரு சரிபார்ப்புப் பட்டியலையும் படித்தோம். குழந்தை ஒரு செயலைத் தானாகச் செய்கிறதா, சிறு குறிப்புக் காட்டினால் செய்கிறதா, வாயால் சொன்னால் செய்கிறதா, கையைப் பிடித்துச் செய்வித்தால்தான் செய்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஒரு நிலையில் உள்ள செயல்களில் 80 சதவீதம் வந்துவிட்டால் குழந்தை அடுத்த நிலைக்குப் போகலாம். ‘செய்யத் தெரியாது’ என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற இடத்துக்குள் இத்தனை படிகள் இருக்கின்றன என்று பார்க்கப் பழகிய பிறகு, ஒரு குழந்தையைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிடுகிறது.

மதிப்பீடு முடிந்ததும் ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும். இந்த இரண்டாண்டுப் படிப்பையும் பிழிந்தால் மிஞ்சுவது, அத்திட்டத்தில் ஒரு குறிக்கோளைச் சரியாக எழுதும் திறமைதான் என்பது என் கருத்து. ‘மாணவன் உடை அணியக் கற்பான்’ என்று எழுதினால் எங்கள் பேராசிரியை சிவப்பு மையால் அடித்துவிடுவார். ‘சட்டையை அணிந்திருக்கும் நிலையில், வாய்மொழி உதவியுடன், மேலிருந்து இரண்டாவது பொத்தானை ஐந்து முறைகளில் நான்கு முறை போடுவான்’ என்று எழுதினால்தான், மூன்று மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்த்தாலும் ஆயிற்றா இல்லையா என்று அவரால் சொல்ல முடியும்.

குறிக்கோளை எழுதியாயிற்று என்றால் அடுத்தது டாஸ்க் அனாலிசிஸ், அதாவது செயலைப் படிகளாகப் பிரிப்பது. பொத்தான் போடுவதை நாம் ஒரே செயலாக நினைக்கிறோம். ஒரு கையால் பொத்தானின் விளிம்பைப் பிடிப்பது, மறு கையால் துளை இருக்கும் பக்கத்தைப் பிடிப்பது, துளையைத் தேடிப் பொத்தானைச் சாய்வாக நுழைப்பது, பாதி வெளியே வந்ததும் பிடியை மாற்றுவது, இழுப்பது, துணியை நேராக்குவது என்று பிரித்தால், பெரும்பாலான குழந்தைகள் திணறுவது அந்தப் பிடி மாற்றும் இடத்தில்தான் என்பதை நான் கண்டேன். ஆகவே கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம்: நாம் பொத்தானை முக்கால்வாசி நுழைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் குழந்தையை இழுக்கச் சொல்வோம். முதல் நாளிலேயே பொத்தான் போட்டு முடித்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கும். பிறகு படிப்படியாகப் பின்னோக்கிப் போவோம். மேசை மேல் விரித்த துணியில் பெரிய பொத்தானை வைத்துப் பழக்கினால், அவன் உடம்பில் உள்ள சீருடைச் சட்டையில் பக்கம் மாறிப்போகும். அதனால் ஆசிரியர் குழந்தைக்கு எதிரே உட்காராமல் பின்னால் நின்று, அவன் கைமேல் தம் கையை வைத்துக் கற்றுத்தர வேண்டும். எங்கே நிற்பது என்பதைக்கூடப் பல்கலைக்கழகம் சொல்லித்தருமா என்று சிரிக்கலாம். எங்களுக்கு அதுவும் பாடம்தான்.

குடும்பம் பற்றிய தாளை மனப்பாடம் செய்து எழுதுகிற தாள் என்றே மாணவர்கள் நினைப்பார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு தாயிடம் நான் எழுதிய திட்டத்தைப் படித்துக் காட்டியபோது, ‘பட்டன் நான் போட்டு விட்டுக்குவேன் டீச்சர், ராத்திரியில இவன் என்னை எழுப்பாம பாத்ரூம் போகப் பழகினா போதும், நான் நல்லாத் தூங்கி நாலு வருஷமாச்சு’ என்றார். எம்.டி.பி.எஸ். வரிசைப்படி எது முந்தியது என்பதைவிட அந்த வீட்டுக்கு எது முந்தியது என்பதே அங்கே முடிவு செய்தது. வரிசையை மாற்றி எழுதியதற்கு என் வழிகாட்டி ஆசிரியை மறுப்பேதும் சொல்லவில்லை.

இவ்வளவு நல்ல உள்ளடக்கம் கொண்ட படிப்பு, மதிப்பெண் என்று வரும்போது மட்டும் ஏன் ரெக்கார்டு நோட்டில் போய் விழுகிறது என்பதுதான் எனக்கு விளங்காத ஒன்று. சிறப்புப் பள்ளி, வேறு குறைபாட்டுக்கான பள்ளி, குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய பள்ளி என மூவகைப் பள்ளிகளிலும் செய்முறைப் பயிற்சி உண்டு. ஒவ்வொன்றுக்கும் லெசன் பிளான், உற்றுநோக்கல் குறிப்பு, தனியாள் ஆய்வு, கற்பித்தல் கருவிகள். நான் படித்த கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வர், ரெக்கார்டுகளின் அட்டையையும் அட்டவணைப் பக்கத்தையும் கையெழுத்தையும் பார்த்தார். ‘இந்தக் குழந்தைக்கு ஏன் இந்தக் குறிக்கோள்?’ என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. சார்ட்டுகளைக் கடையில் வாங்கியவர்களும், காசு கொடுத்து ரெக்கார்டு எழுதி வாங்கியவர்களும் எங்களுக்கு இணையாகவே தேறினார்கள். எழுத்துத் தேர்விலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை உருவாக்கிப் பணியமர்த்துவதை அரசின் பொறுப்பாக்கியிருக்கிறதே, அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

பொது பி.எட். படிப்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் (என்.சி.டி.இ.) 2014இல் தந்த கட்டமைப்பில் உள்ளடக்கிய பள்ளி பற்றி அவர்களுக்கென வைக்கப்பட்டது அரைத்தாள்தான். ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே வருகிறது, ஒலிக்கும்போது மெய் முன்னே வருகிறது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளை அந்த இடத்தில் தடுக்கி நின்றால், அது சோம்பல் அன்று என்று வகுப்பாசிரியருக்குப் புரிய வேண்டும். தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. ஆனால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். அவர் வராத நாட்களில் அந்தப் பிள்ளை வகுப்பாசிரியரின் கையில்தான்.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் கல்வியை நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பாக மாற்றச் சொல்கிறது. ஆண்டுகள் கூடினால் ரெக்கார்டுகளும் கூடும் என்பதே என் அச்சம். செய்முறைத் தேர்வை வேறு விதமாக நடத்தலாம்: மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு குழந்தையையும் அதன் தாயையோ தந்தையையோ அழைத்து, மாணவரை அரை மணி நேரம் அவர்களோடு உட்கார வைத்து, அதன் முடிவில் ஒரே ஒரு குறிக்கோளையும் அதற்கான முதல் படியையும் எழுதச் சொல்லி, அந்தப் படியைத் தேர்வர் முன்னிலையில் கற்பித்துக் காட்டச் சொல்லலாம். செய்முறை மதிப்பெண்ணில் பாதியை இதற்கு ஒதுக்கினாலே, கடையில் விற்கும் ரெக்கார்டுகளுக்கு அந்தப் பாதியில் வேலை இருக்காது.