வின்கேட் மணற்கல்லும் நாங்குநேரியார் வீடும்

ஜூன் 14
மாணவர்களுக்கு ஜுராசிக் மணற்கல் பற்றித் தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். பாறைத் தொகுதிக்குப் பேர் வைப்பது சுலபம்தான்: அங்கே இருக்கிற ஊர், மலை, முனை ஏதாவது ஒன்றின் பேர், அதோடு கல்லின் வகை. அமெரிக்காவின் யூட்டாவில் என்ட்ராடா முனையை வைத்துத்தான் 1928-இல் நிலவியலாளர்கள் கில்லுலியும் ரீசைடும் என்ட்ராடா மணற்கல் என்றார்கள். பேருக்கு அப்புறம்தான் வேலையே. அடி எங்கே, தலை எங்கே, எத்தனை மீட்டர் கனம், என்ன நிறம், மணல் மணி எவ்வளவு பருமன், எந்த இடத்தில் போய்ப் பார்த்தால் ஒத்துக்கொள்ளலாம், எல்லாம் எழுதியாக வேண்டும்.

ஜூன் 15
நாள் முழுக்க கரண்ட் இல்லை.

ஜூன் 17
மணற்கல்லில் சாய்வாக அடுக்கியிருக்கிற படிவுகளை வெறுமனே ‘குறுக்குப் படுகை’ என்று எழுதினால் எந்தப் பையனுக்குப் புரியும்? திருச்செந்தூர் பஸ் ஏறிக் குதிரைமொழித் தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்குப் போய்விட்டேன். 1986-இல் மாவட்டம் பிரிந்துவிட்டது, ஆனாலும் எனக்கு அது திருநெல்வேலிச் சீமைதான். ஆனிக் காற்று மேற்கே இருந்து அடித்தது. மேட்டின் உச்சியில் குந்திப் பார்த்தேன். மணி ஒவ்வொன்றாக ஏறி வந்து விளிம்பில் தயங்கி, திடீரென்று ஒரு கை அகலத்துக்குச் சரிந்தது. சாய்வு அளக்கும் கிளினோமீட்டரில் 32 பாகை. அந்தச் சரிவின் மேல் அடுத்த சரிவு. நவஹோ மணற்கல்லில், யூட்டாவின் சயான் பள்ளத்தாக்கில் 600 மீட்டர் உயரச் சுவராக நிற்பதில், சாய்ந்த கோடுகளாகத் தெரிவது இதுதான். சுமார் 19 கோடி ஆண்டுக்கு முன் அடித்த காற்று. சிவப்பும் இரண்டுக்கும் ஒரே கதை, மணியைச் சுற்றிய இரும்புத் துரு. தேய்த்துப் பார்த்தேன், உள்ளங்கை செம்மண் பூசியது போலாகிவிட்டது.

பனங்காட்டுப் பெரியவர் ஒருவர் நின்று, “என்ன தம்பி, மண்ண அளக்கிய?” என்றார். ஆமாம் என்றேன். “பட்டா வாங்கப் போறியளோ?”

ஜூன் 20
குறிப்பில் எனக்குப் பிடித்த பகுதி வின்கேட் மணற்கல். 1885-இல் டட்டன் என்ற நிலவியலாளர் நியூ மெக்சிகோவில் வின்கேட் கோட்டைப் பக்கத்துச் செங்குன்றுகளுக்கு வைத்த பேர். அந்தப் பேரையே யூட்டா வரை கொண்டுபோய் வேறொரு மணற்கல்லுக்கும் ஒட்டினார்கள். 1947-இல் பேக்கர், டேன், ரீசைட் மூவரும் சரிபார்த்தால், கோட்டைப் பக்கத்துக் குன்று என்ட்ராடா! ரீசைட் தானே பேர் வைத்த கல். ஆனால் வின்கேட் என்ற பேர் யூட்டாக் கல்லோடு ஊறிப்போயிருந்ததால் அதற்கே விட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். “நம்மள நாங்குநேரியார் வீடுன்னுதான சொல்லுதாவ, அங்க நமக்கு ஒரு செண்டு இடம் இருக்கா?” என்றாள். தாத்தா காலத்திலேயே விற்றாயிற்று.